வீட்டுக் குடிநீருக்கு வண்டல் வடிகட்டி: கம்பம் பள்ளத்தாக்கு விவசாயக் குடும்பங்கள் தேர்வு செய்வதும் பராமரிப்பதும் எப்படி?

சின்னமனூர் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, சொட்டுநீர்ப் பாசன வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார் விவசாயி. உள்ளே இருந்த வலை பளிச்சென்று இருந்தது. வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொண்டு வந்த அவர் மனைவி சொன்னார்: "தோட்டத்து ஃபில்டரை ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழுவுறாரு சார். வீட்டு ஃபில்டரை மாட்டினதோட சரி."

சமையலறைச் சுவரில் இருந்த வடிகட்டியைத் திறந்து பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய கார்ட்ரிட்ஜ் செங்கல் நிறத்தில், தொட்டால் வழுக்கும் பாசியுடன் இருந்தது. வாழைக்கும் கொடிக்கும் போகும் தண்ணீருக்குக் காட்டும் கவனம், பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்கு இல்லை. இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல.

வண்டல் வடிகட்டி விலை குறைந்த, எளிய கருவி. ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரியாமல் வாங்கினால் பணமும் வீண், தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்ற தவறான நம்பிக்கையும் வந்துவிடும். சொட்டுநீர் வடிகட்டியைக் கையாளத் தெரிந்த விவசாயிக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை.

நம் பகுதித் தண்ணீரில் என்ன கலந்து வருகிறது?

1895-ல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது முதல், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப் பக்கம் இறங்கும் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியாக ஓடி வைகையில் சேர்கிறது. ஆற்றையும் ஆற்றோரக் கிணறுகளையும் நம்பியுள்ள வீடுகளில் கலங்கல் பருவத்தோடு மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் மண் கலந்து வரும், கோடையில் தெளியும்.

ஆற்றைவிட்டு மேடான பகுதிகளில், ஆழ்துளைக் கிணறுதான் ஆதாரம். தேனி மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். சிதைந்த பாறையிலிருந்து வரும் மணலும், மினுமினுக்கும் காக்காப்பொன் துகளும் போர்வெல் தண்ணீரில் வரும். மேல்நிலைத் தொட்டியும் ஒரு காரணம்: மூடி சரியில்லாத தொட்டியில் பாசி, தூசி, இலைச்சருகு சேரும். பழைய இரும்புக் குழாயாக இருந்தால் துருவும் வரும்.

ஆக, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய வடிகட்டி உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்.

செலவில்லாத பாட்டில் சோதனை

மண் ஆய்வகங்களில் மணல், வண்டல், களி ஆகியவற்றைப் பிரித்தறிய, அவை தண்ணீரில் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்று பார்ப்போம். அதே முறையை வீட்டிலும் செய்யலாம். நிறமற்ற ஒரு கண்ணாடி பாட்டிலைக் கழுவி, மோட்டார் ஓடும்போது வரும் தண்ணீரை நிரப்பி, அசையாத இடத்தில் வையுங்கள். மேல்மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் உள்ள தண்ணீர் எப்போது தெளிகிறது என்று பாருங்கள்.

- ஒரு நிமிடத்துக்குள் தெளிந்தால்: வருவது மணல். சாதாரண வலை வடிகட்டி அல்லது டிஸ்க் வடிகட்டி போதும்.
- 5 நிமிடம் கழித்தும் கலங்கலாக இருந்து, மறுநாள் காலைக்குள் தெளிந்தால்: நுண் வண்டல். இதற்குத்தான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி.
- மறுநாளும் தெளியாமல் மங்கலாகவே இருந்தால்: களித்துகள். கார்ட்ரிட்ஜ் மட்டும் போதாது.
- பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணி நேரத்தில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால்: கரைந்த இரும்பு. காற்றுப் பட்ட பிறகுதான் அது துகளாக மாறுகிறது. தண்ணீரைச் சிதறவிட்டுத் தொட்டியில் படியவைத்த பிறகே வடிகட்ட வேண்டும்.
- பால் போல வந்து, அடியிலிருந்து மேல்நோக்கி ஓரிரு நிமிடத்தில் தெளிந்தால்: வெறும் காற்றுக் குமிழி. வடிகட்டி தேவையில்லை.

இதன் கணக்கு எளிது. 20 மைக்ரான் அளவுள்ள துகள் 10 செ.மீ. இறங்க சுமார் 5 நிமிடம் ஆகும். 2 மைக்ரான் துகளுக்குச் சுமார் 8 மணி நேரம் ஆகும். இரண்டு மைக்ரானுக்கும் சிறியதைத்தான் களி என்கிறோம். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

மைக்ரான் எண் சொல்வது என்ன?

ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். சொட்டுநீரில் நாம் பயன்படுத்தும் 120 மெஷ் வலை, சுமார் 130 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைத் தடுக்கும். வீட்டு கார்ட்ரிட்ஜ்கள் 50, 20, 10, 5, 1 மைக்ரான் அளவுகளில் கிடைக்கின்றன.

எண் குறையக் குறைய நல்லது என்று நினைத்து நேரடியாக 1 மைக்ரான் வாங்குவது பலரும் செய்யும் தவறு. மணல் வரும் தண்ணீரில் அதை மாட்டினால் சில நாட்களில் அடைத்துக்கொள்ளும். கல்லையும் உமியையும் ஒரே சல்லடையில் சலிக்க முடியாது. பெரியதை முதலில் பிரிக்க வேண்டும். மணல் வரும் வீட்டுக்கு முதலில் 120 மெஷ் டிஸ்க் வடிகட்டி, அடுத்து 20 மைக்ரான், கடைசியாக 5 மைக்ரான் என்ற வரிசை பொருந்தும். மணல் இல்லாவிட்டால் 20-ம் 5-ம் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு 5 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு விஷயம்: உறையில் "நாமினல்" என்று இருந்தால், அந்த அளவுத் துகள்களில் பெரும்பகுதியைத் தடுக்கும், முழுவதையும் அல்ல என்று பொருள். "அப்சல்யூட்" என்று இருந்தால் ஏறக்குறைய முழுவதையும் தடுக்கும், விலையும் கூடும். கடைகளில் கிடைக்கும் சாதாரண கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் நாமினல் வகை.

எந்த வகை கார்ட்ரிட்ஜ்?

1. ஸ்பன் வகை: பாலிபுரொப்பிலீன் இழைகளை உருக்கிப் படியவைத்தது, பஞ்சுத் தண்டு போல இருக்கும். துகள்கள் வெளிப்பரப்பில் மட்டுமின்றி உள் அடுக்குகளிலும் சிக்கும். நுண் வண்டலுக்கு ஏற்றது, விலை குறைவு. ஆனால் கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது.
2. நூல் சுற்றிய வகை: தண்டின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியது. கொஞ்சம் பெரிய துகள்களுக்கும் துருவுக்கும் முதல் நிலையாக வைக்கலாம்.
3. மடிப்பு வகை: தாள் போன்ற பரப்பை மடித்து வைத்தது. பரப்பு அதிகம் என்பதால் தண்ணீர் அழுத்தம் குறைவான இடத்திலும் ஓடும். மெதுவாக அலசி சில முறை பயன்படுத்தலாம். களி படிந்தால் மடிப்புக்குள் ஒட்டிக்கொள்ளும்.
4. வலை, டிஸ்க் வகை: மணலுக்கு. கழுவிக் கழுவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

வாங்கும்போது கார்ட்ரிட்ஜைக் கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். எளிதில் அமுங்குவது, இழை உதிர்வது, இரண்டு முனைகளும் சமமாக வெட்டப்படாதது ஆகியவை வேண்டாம். முனை சரியாகப் பொருந்தாவிட்டால் தண்ணீர் வடிகட்டிக்குள் போகாமல் ஓரமாக நழுவி வந்துவிடும். வடிகட்டி மாட்டியும் கலங்கல் குறையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வீடு முழுவதற்குமா, சமையலறைக்கு மட்டுமா?

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப்புறங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். இதில் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் 5 மைக்ரான் வடிகட்டல் தேவையில்லை. ஆகவே மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயில் கழுவக்கூடிய டிஸ்க் வடிகட்டியும், சமையலறைக் குழாயில் மட்டும் கார்ட்ரிட்ஜும் வைப்பதே சிக்கனம்.

சமையலறைக்கு 10 அங்குல மெல்லிய உறை போதும். வீடு முழுவதற்கும் வடிகட்ட விரும்பினால் 20 அங்குல உயரமும் 4.5 அங்குல விட்டமும் கொண்ட பெரிய உறை வேண்டும்.

அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். குழாயைவிட 3 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து 0.3 கிலோதான் கிடைக்கும். இந்த அழுத்தத்தில் 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வைத்தால் தண்ணீர் சொட்டும், ஓடாது. மறுபக்கம், கார்ட்ரிட்ஜ் உறையை நேராக போர்வெல் மோட்டார் குழாயில் மாட்டினால், மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்து அதிர்ச்சியில் உறை வெடிக்கலாம்.

தோட்டத்து வீடுகளுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை

ஒரே போர்வெல்லிலிருந்து சொட்டுநீருக்கும் வீட்டுக்கும் தண்ணீர் எடுக்கும் இடங்களில், வீட்டுக் குழாயை சொட்டுநீர் வடிகட்டிக்குப் பிறகு பிரித்திருப்பதைப் பார்க்கலாம். "ஏற்கெனவே வடிகட்டிய தண்ணீர்தானே" என்பது அவர்கள் வாதம். இது ஆபத்தானது. உரக்கரைசல் செலுத்தும் வென்ச்சுரியும் உரத் தொட்டியும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. உரம் விடும்போது அது வீட்டுக் குழாய்க்கும் போகும். வண்டல் வடிகட்டி கரைந்த உரத்தையோ மருந்தையோ தடுக்காது.

- வீட்டுக் குழாயை உரம் செலுத்தும் அமைப்புக்கு முன்பாகவே பிரித்துவிடுங்கள்.
- பிரியும் இடத்துக்குப் பிறகு, சொட்டுநீர்ப் பக்கம் திரும்பி வராத வால்வு ஒன்று வையுங்கள். மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள தண்ணீர் பின்னோக்கி இழுக்கும். வால்வு இல்லாவிட்டால் உரக்கரைசலும் சேர்ந்து வரும்.
- தொட்டிக்குள் விழும் குழாயின் வாய் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.
- உரம், அமிலம் ஓடிய பழைய சொட்டுநீர் வடிகட்டியை வீட்டுக்கு மாற்றிப் பொருத்த வேண்டாம். புதிதாக வாங்குங்கள்.

எப்போது மாற்றுவது?

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சில நாட்களிலேயே பழுப்பாகிவிட்ட கார்ட்ரிட்ஜ் இன்னும் பல வாரம் உழைக்கலாம். வெள்ளையாக இருப்பதும் உள்ளே அடைத்திருக்கலாம்.

சொட்டுநீரில் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த மானிகளைப் பார்த்துத்தானே கழுவுகிறோம்? வீட்டில் மானிக்குப் பதில் வாளி. புது கார்ட்ரிட்ஜ் மாட்டிய அன்று 15 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து, சுவரில் தேதியோடு எழுதிவையுங்கள். 2 நிமிடத்தில் நிரம்பியது 4 நிமிடம் எடுக்கத் தொடங்கினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. மானி வைத்திருப்பவர்கள், முன்னும் பின்னும் 0.7 முதல் 1 கிலோ வரை வித்தியாசம் வந்தால் மாற்றலாம்.

வரத்து குறையாவிட்டாலும் 6 மாதத்துக்கு மேல் ஒரே கார்ட்ரிட்ஜை வைக்காதீர்கள். சிக்கிய வண்டலே கிருமிகள் வளரும் இடமாகிவிடும். வாரக்கணக்கில் வீடு பூட்டியிருந்தாலும், துர்நாற்றமோ வழுவழுப்போ இருந்தாலும் உடனே மாற்றுங்கள். ஸ்பன் கார்ட்ரிட்ஜை பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி மாட்டுவது வேண்டாம். வெளிப்புறம் வெளுக்கும், உள் அடுக்கில் சிக்கியது வெளியேறாது. அடைத்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு வெறும் உறையோடு தண்ணீர் விடுவதும் வடிகட்டி இல்லாததற்குச் சமம்.

மாற்றும் முறை

1. உள்ளே வரும் வால்வை மூடி, சமையலறைக் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். அழுத்தம் இருக்கும்போது உறையைத் திருக வேண்டாம்.
2. கீழே வாளி வைத்து, உறையோடு வரும் ஸ்பானரால் கழற்றுங்கள்.
3. உறையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள்.
4. ரப்பர் வளையத்தில் வெடிப்போ தட்டையோ இருந்தால் மாற்றுங்கள். தடவுவதற்கு உணவுத் தர சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாஸ்லினும் மோட்டார் கிரீஸும் வேண்டாம்.
5. கைகளைக் கழுவிய பிறகு புது கார்ட்ரிட்ஜைப் பிரித்து, மேலும் கீழும் நடுவில் உட்காரும்படி வையுங்கள்.
6. கையால் இறுக்குங்கள், கடைசியில் ஸ்பானரால் லேசாக ஒரு திருகு போதும்.
7. வால்வை மெதுவாகத் திறந்து, முதல் 5 நிமிடத் தண்ணீரைச் செடிகளுக்கு விடுங்கள். கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தேதியை எழுதுங்கள்.

ஒளி ஊடுருவும் உறையை வெயில் படும் சுவரில் வைத்தால் பாசி பிடிக்கும். நிழலில் வையுங்கள். பழைய கார்ட்ரிட்ஜ் பிளாஸ்டிக் என்பதால் எரிக்காமல், ஊராட்சியின் பிளாஸ்டிக் கழிவோடு கொடுங்கள்.

வடிகட்டியால் முடியாதவை

*களிக் கலங்கல்:* படிகாரமோ, நம் வீடுகளில் பானையின் உட்புறத்தில் உரைத்த தேத்தாங்கொட்டையோ செய்வது, நுண்ணிய களித்துகள்களை ஒன்றுசேர்த்துக் கனமாக்கிப் படியவைப்பதுதான். முதலில் படியவைத்து, தெளிந்த தண்ணீரை வடிகட்ட வேண்டும்.

*ஓயாமல் வரும் மணல்:* பழைய போர்வெல்லில் திடீரென மணல் வரத் தொடங்கினால், ஊற்றைவிட அதிகமாக இறைப்பதோ, மோட்டார் மிகக் கீழே இருப்பதோ, பக்கக் குழாய் உடைந்ததோ காரணமாக இருக்கலாம். மணல் மோட்டாரையும் தேய்க்கும். கிணற்றைச் சரிசெய்வதுதான் தீர்வு. புதிதாகப் போட்ட அல்லது ஃபிளஷிங் செய்த போர்வெல்லில், தண்ணீர் தெளியும்வரை வெளியே விட்ட பிறகே வடிகட்டியோடு இணையுங்கள்.

*உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், பூச்சிமருந்து:* இவை கரைந்திருப்பவை. எத்தனை மைக்ரான் வடிகட்டி போட்டாலும் கடந்து போகும். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது.

*கிருமிகள்:* பாக்டீரியாக்கள் பல ஒரு மைக்ரான் அளவில் இருப்பவை. வைரஸ்கள் அதைவிடப் பல மடங்கு சிறியவை. 5 மைக்ரான் வடிகட்டி அவற்றைத் தடுக்காது. ஆனால் கலங்கல் துகள்களின் மறைவில் கிருமிகள் குளோரினிலிருந்தும் புற ஊதா விளக்கிலிருந்தும் தப்பிக்கும். கலங்கலை நீக்கினால்தான் அந்த முறைகள் முழுப் பலன் தரும். வடிகட்டியின் உண்மையான பயன் இதுதான்: அடுத்த படிக்குத் தண்ணீரைத் தயார் செய்வது. வடிகட்டிய தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்துக் குடியுங்கள்.

பரிசோதனை செய்துகொள்ளுங்கள்

விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். மானி கரைந்த உப்பை மட்டுமே தோராயமாகச் சொல்லும். கலங்கலையோ கிருமியையோ காட்டாது. வேளாண் துறை ஆய்வகத்தில் தரும் பாசன நீர் அறிக்கையும் குடிநீருக்குப் போதாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் குடிநீர்ப் பரிசோதனை கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தமான பாட்டிலில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500:2012 அளவுகளோடு ஒப்பிடுங்கள். கலங்கல் 1 என்.டி.யூ.; வேறு ஆதாரம் இல்லாதபோது 5 வரை. மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி.; வேறு ஆதாரம் இல்லாதபோது 2,000 வரை. ஃபுளோரைடு 1 மி.கி.; அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45 மி.கி.க்கு மேல் கூடாது. ஈ.கோலி பாக்டீரியா 100 மி.லி. தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கலங்கல் மட்டும் கூடுதலாக இருந்து மற்றவை சரியாக இருந்தால், விலை உயர்ந்த ஆர்.ஓ. கருவி தேவையில்லை, வண்டல் வடிகட்டியும் கிருமிநீக்கமும் போதும்.

ஆண்டு நாட்காட்டி

முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்பும், செப்டம்பர் கடைசியிலும் தொட்டியைக் கழுவி, கார்ட்ரிட்ஜை மாற்றி, கூடுதலாக ஒன்றை வாங்கி வையுங்கள். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை வாளிக் கணக்குப் பாருங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை போதும். தோட்டத்து வடிகட்டியைக் கழுவ எழுந்து போகும் நாளிலேயே வீட்டு வடிகட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால், தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.